சந்தனப் பொட்டு வைத்த ரூட்டர்

வீடு வீடாக நெட் இணைப்பு கொடுக்கப் போகும் தம்பிகளே, உங்கள் பையில் இருக்கிற ரூட்டர் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். சுவரில் மாட்டுகிறீர்கள், விளக்குகள் எரிகின்றன, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். நல்லது, போங்கள். நான் இந்தத் தொழிலை விட்டு எழுத்துப் பக்கம் ஒதுங்கி வெகுநாள் ஆகிவிட்டது. உங்கள் வேகத்தைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் ரூட்டர் என்பது மூச்சு விடும் பொருள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த நேரம். இணைப்பு ஒன்று, கணினி இரண்டு என்றால் பங்கு போட ஒரு கருவி வேண்டும். கடையில் அது விலை அதிகம். பரணில் ஒரு பழைய கணினி கிடக்கும். அதை இறக்கித் தூசி தட்டி, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, ஒரே ஒரு பிளாப்பித் தட்டை வாயில் வைத்தால் போதும். ஆமாம், ஒரு பிளாப்பி. உங்களில் பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவுச் சதுரத் தட்டு. ஒரு வீட்டின் மொத்த இணையமும் அதில் அடங்கியிருந்தது.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் கடைசி வேலை, திரையைக் கழற்றுவது. பிறகு விசைப்பலகை, மவுஸ். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் கை தயங்கும். முகத்தைக் கழற்றுகிறோம், விரல்களைக் கழற்றுகிறோம், இனி இதற்கு என்ன மிச்சம்? காது வைத்துக் கேட்டால் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி துடிக்கும். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுப் பூனை வருஷம் முழுக்க அந்தப் பெட்டியின் மேல்தான் தூங்கியது. பூனைக்கு அடியில் யார் யாருடைய கடிதங்களோ கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அது செய்கிற வேலை இன்னும் விந்தை. உள்ளே எத்தனை கணினி இருக்கிறது, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வெளி உலகத்துக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே விலாசத்திலிருந்துதான் பேசுவார்கள். பதில் வந்ததும், கேட்டது யார் என்று ஞாபகம் வைத்திருந்து அவரிடம் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இதை நான் நூறு வீடுகளில் செய்திருப்பேன். ஒரு வீட்டில்கூட அது எனக்குப் பழகிப்போகவில்லை.

அந்த நூறில் ஒன்று முதலியார்பேட்டை வீடு.

ஒரு காலத்தில் ஒரே வீடு. மில் தொழிலாளியாக இருந்த அப்பா கட்டியது. அவர் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். வாசல் தனி, மின்சார மீட்டர் தனி. தோட்டத்துக் குழாய் மட்டும் பொது, அதைப் பிரிக்க முடியவில்லை. தெருவில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வார்கள். பெரியவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அவர் வீட்டில் மூன்று பேர்: அவர், மனைவி, மகள் கயல். சின்னவர் சொந்தமாக டெம்போ வைத்துச் சரக்கு ஓட்டுகிறவர். அவர் வீட்டில் நான்கு பேர்: அவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள். சுவர் எழுந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. அவர்களுடைய மனைவிமார் பேசாத நாளில்லை. வீட்டு விவகாரமெல்லாம் குழாயடியில் முடிவாகும்.

இணைப்பும் அங்கேதான் முடிவானது. சின்னவர் வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது. பெரியவர் வீட்டில் ஒரு பழைய கணினி சும்மா கிடந்தது. லைன் அவர்களுடையது, பெட்டி இவர்களுடையது, நெட் இரண்டு வீட்டுக்கும். சுவரில் துளை போட்டு ஒயர் இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

டிரில்லைச் சுவரில் வைத்துவிட்டுத்தான் யோசித்தேன். இது யார் சுவர்?

பெரியவரிடம் போனேன். "செவுத்துல துளை போடலாமா சார்?"

"நான் என்னாத்த சொல்றது? அந்தப் பக்கம் கேட்டுக்குங்க."

சுற்றிக்கொண்டு சின்னவர் வாசலுக்குப் போனேன்.

"அந்தப் பக்கம் இன்னா சொன்னாரு?" என்றார் சின்னவர்.

"உங்களக் கேக்கச் சொன்னாரு."

"அவரு சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. எந்த ஒயரத்துல போடணும்னு கேளு தம்பி."

மறுபடியும் சுற்றி இந்த வாசல். "மேசை ஒயரத்துல போட்டா கயலுக்கு சௌகரியம்." மறுபடியும் அந்த வாசல். அரை நாள் நடந்தேன். ஒருவர் சொன்னதை எடுத்துப்போய், விலாசம் மாறாமல் இன்னொருவரிடம் சேர்த்து, பதிலை வாங்கிவந்து கொடுத்தேன். பெட்டியை மாட்டுவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு ரூட்டர் ஓடியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெட்டி சின்னவர் வீட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தது. துளை வழியாக ஒயர் கயலின் மேசைக்குப் போனது. பெட்டியிலிருந்து கழற்றிய விசைப்பலகை நன்றாக இருந்ததால் கயலின் புதுக் கணினிக்கே அதை மாட்டிக் கொடுத்தேன். உடம்பு ஒரு வீட்டில், விரல்கள் இன்னொரு வீட்டில். சுவருக்கு இரண்டு பக்கமும் காது கொடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டி பல மாதம் ஒரு புகார் இல்லாமல் ஓடியது.

கயலுக்குக் கடல்தான் படிப்பு. அலையைத் தடுக்கக் கல் கொட்டிய நம் ஊர்க் கடற்கரையில் மணல் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண். கடல் கரையை அரிப்பதைப் பற்றி மேலே படிக்க பிரான்சில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். எல்லாக் கட்டமும் தாண்டிக் கடைசியாக ஒரு நேர்காணல், கேமரா வழியாக. அந்த நாளில் முகம் காட்டவில்லை என்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். தேதியை அங்கேதான் குறித்தார்கள். அங்கே இருப்பவர்களுக்கு அது சாதாரண வேலை நாள். இங்கே ஆயுத பூஜை.

நான் உப்பளத்தில் எங்கள் கடையில் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். தொலைபேசி அடித்தது.

"அண்ணா, நெட்டு இல்லண்ணா." கயல். குரலில் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "காலைலேருந்து இல்ல. வந்துடும் வந்துடும்னு பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்புடுவாங்க."

"பிரவுசிங் சென்டர் எதனா..."

"அப்பா சைக்கிள்ல சுத்திட்டு வந்துட்டாரு. எல்லாத்துலயும் வாழக்கன்னு கட்டிப் பூட்டிட்டாங்க."

வண்டியை எடுத்தேன். சின்னவர் வாசலில் டெம்போ மாலையும் சந்தனமுமாக நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்து, குங்குமம் கலந்த சதை வாசற்படி வரை சிதறியிருந்தது. தாண்டி உள்ளே போனேன்.

மூலையில் பெட்டி இல்லை.

கூடத்தின் நடுவே பலகை போட்டு, அதன் மேல் பையன்களின் புத்தகங்கள், ஸ்பேனர்கள், ஜாக்கி, அரிவாள்மனை. அவற்றுக்கு நடுவில் என் பெட்டி. நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் கதம்பம். அதன் தலைமேல் மோடம், அதற்கும் ஒரு பொட்டு. ஒயர்களை அழகாகச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே மெய்யும் சிலிர்க்கிறது. சின்னவர் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெட்டிக்குத் திரை இல்லை. அதன் முன்னால் யாரும் உட்காருவதில்லை. மூலையில் சும்மா இருக்கிற பெட்டி, இதற்கும் ஒரு மரியாதை செய்வோம் என்று எடுத்துவைத்திருக்கிறார். விவரம் தெரிந்த பையன்கள் இருவரும் விடியற்காலையிலேயே சிநேகிதர்களோடு கிளம்பிவிட்டார்கள். கயலின் சித்தியான சின்னவர் மனைவி காதுக்கு நேர்காணல் சேதி குழாயடி வழியாக வந்திருந்தது. கயலுடைய கணினி அவள் வீட்டில்தானே இருக்கிறது என்று சித்தியும் நினைத்துவிட்டார். முகம் இல்லாமல் உழைக்கும் எதையும் மக்கள் ஓய்வில் இருப்பதாகவே எண்ணுவார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் 'இது வேலை செய்துகொண்டிருக்கிறது' என்று எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். பிற்பாடு நான் எல்லா வீட்டிலும் ஒட்டினேன்.

விஷயத்தைச் சொன்னேன். சின்னவர் முகம் வெளுத்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

"பூஜைல வெச்சத எடுக்கக் கூடாது தம்பி."

"கயல் வாழ்க்க சார்."

"தெரியுது. எனக்கு மட்டும் புள்ள இல்லியா அது? ஒரு வருஷம் இப்பிடித்தான் அவசரம்னு பூஜைல இருந்த ஸ்பேனரை எடுத்தேன். திண்டிவனம் தாண்டல, வண்டி கவுந்துச்சு. கிளீனரு பொழச்சதே பெரிசு. நாள பின்ன அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, நான் இன்னா பண்ணுவேன்?"

சித்தி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். சுவர்த் துளை வழியாகக் கயல் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கம் நாற்காலிச் சத்தம்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தாவு தாவிப் பெட்டியைத் தூக்கி மாட்டியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. தொழில்நுட்பம் என் பக்கம், அவசரம் என் பக்கம், நியாயமும்கூட என் பக்கம். ஆனால் அவர் பயந்தது தனக்காக இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்காக. அதை மிதித்துக்கொண்டு போட்ட இணைப்பில் அவள் பேசினால், ஆயுள் முழுக்க அவளுடைய ஒவ்வொரு தலைவலிக்கும் இவர் தன்னையே நொந்துகொள்வார். சாமர்த்தியமாக ஏதாவது கதை விடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று பட்டது. மனிதர்களின் நம்பிக்கையைச் சுற்றிக்கொண்டு ஒயர் இழுக்காதீர்கள். அதற்குள்ளேயே துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாசலைப் பார்த்தேன். மாலை போட்ட டெம்போ.

"அண்ணே, வண்டிக்கும் பூஜை போட்டீங்க இல்ல?"

"போட்டேன்."

"இன்னிக்கு ஓட்ட மாட்டீங்களா?"

"பூஜ போட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கி ஒரு சுத்து ஓட்டிட்டுத்தான வந்தேன்? வண்டின்னா ஓட்டணும். புஸ்தகம், ஆயுதம், அதான் தொடக் கூடாது."

"அப்ப இது புஸ்தகமா, ஆயுதமா, வண்டியா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவரை மடக்கத்தான் அதைக் கேட்டேன், ஆனால் கேட்ட பிறகு எனக்கே பதில் தேவைப்பட்டது. எத்தனை வருஷமாகச் செய்கிறேன், இது என்ன பொருள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"இது எதையும் படிக்காதுண்ணே," என்றேன் மெதுவாக. "உள்ள என்னா எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பாக்காது. மேல இருக்குற விலாசத்த மட்டும் பாக்கும். இந்தப் பக்கம் ஏத்தும், அந்தப் பக்கம் எறக்கும். திரும்பி வரும்போது அங்க ஏத்தி இங்க எறக்கும். வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு."

சின்னவர் வாசலில் நின்ற டெம்போவைத் திரும்பிப் பார்த்தார். சரக்கு ஏற்றி இறக்கியே வாழ்ந்த மனிதர்.

"லோடு வண்டி," என்றார்.

"லோடு வண்டிதான்."

"அப்ப ஓட்டலாம்." சட்டென்று ஆள் மாறிவிட்டார். "அடியே, எலுமிச்சம்பழம் எடுத்தா! கல்பூரம் எடுத்தா!" பழத்தை வாங்கிக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தம்பி, இதுக்கு சக்கரம் எங்க? எங்க வெச்சி நசுக்குறது?"

"உள்ளாற விசிறி சுத்துதுண்ணே. அது ஒண்ணுதான் சுத்தும்."

"அதுக்குள்ள பழத்த உட முடியாது. மேலயே வெப்போம்." பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, பெட்டியின் தலைமேல் இரண்டு ஓரத்திலும் வைத்தார். ஒரு பாதி இந்த வீட்டைப் பார்த்து, இன்னொரு பாதி சுவரைப் பார்த்து. கற்பூரம் காட்டினார். "ஓட்டு."

மூலைக்குத் தூக்கிப்போய் எல்லா ஒயரையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விசிறி எழுந்தது. பூவாசம் கலந்த தூசி முகத்தில் அடித்தது. அடுத்து பிளாப்பி கரகரக்க வேண்டும். அந்தக் கரகரப்புதான் அதற்கு உயிர் வருகிற சத்தம்.

வரவில்லை.

விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முகம் இல்லாத பெட்டியிடம் என்ன கோளாறு என்று எதைப் பார்த்துக் கேட்பது? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பழைய பெட்டி. உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு, அது எப்போதோ செத்திருக்க வேண்டும். மின்சாரம் இருந்தவரை தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கியதும் நான் சொல்லிவைத்த எல்லாவற்றையும் மறந்துவிட்டது, விசைப்பலகை இல்லாமலே கிளம்பு என்று சொல்லியிருந்ததையும். இப்போது இருட்டில் நின்றுகொண்டு, மேலே போகட்டுமா என்று கேட்கிறது. பதிலுக்கு ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும்.

பையன்களின் விசைப்பலகை புது மாதிரி, அதன் ஒயருக்குத் தட்டை முனை. இதற்கு உருண்டை முனை வேண்டும். உருண்டை முனை இருந்தது கயலின் மேசையில்.

துளைப் பக்கம் குனிந்து கத்தினேன். "கயல்! கீபோர்டு வேணும்! உனக்கு மவுஸ் போதும், கழட்டிக் குடு!"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம். வாங்கிவரலாம் என்று நான் வாசலுக்கு ஓடினேன். ஆனால் அங்கே பெரியவர் வந்துவிட்டிருந்தார். மார்போடு அணைத்த விசைப்பலகை, ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. சைக்கிளில் அலைந்த வியர்வை சட்டையில் காயவில்லை. தம்பி வீட்டு வாசற்படி வந்ததும் கால் நின்றுவிட்டது. எத்தனை வருஷமோ ஏறாத படி. என்னிடம் நீட்டுவதா, உள்ளே வருவதா என்று தெரியாமல் நின்றார்.

என் முதுகுக்குப் பின்னால் சின்னவரின் குரல் கேட்டது.

"பாத்து வா. பூசணிக்கா வழுக்கும்."

அவ்வளவுதான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. பெரியவர் கீழே பார்த்தார், குங்குமச் சதையைத் தாண்டிக் காலை அகலமாக வைத்து உள்ளே வந்தார்.

பெட்டியை அணைத்து விசைப்பலகையைச் செருகி மறுபடியும் எழுப்பினேன். சுவர் பிளக்கு தளர்ந்திருந்தது. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். "மேல் வரிசைல எஃப் ஒண்ணுன்னு போட்டிருக்கும். யாராவது அமுக்குங்க."

"எது, இதுவா?" சின்னவர்.

"அது எஸ்கேப்பு. அதுக்குப் பக்கத்துது," என்றார் பெரியவர்.

"நீயே அமுக்கு. என் கை பூரா குங்குமம்."

அமுக்கினார்.

பிளாப்பி கரகரத்தது. நான் பெரிய பெரிய சர்வர்களை எழுப்பியிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு இணையாக எதையும் கேட்டதில்லை. கிழவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து உட்காருவது மாதிரி கர், கர், கர். பிறகு சந்தனப் பொட்டுக்குப் பின்னால் பச்சைப் புள்ளி ஒரு தரம் மினுங்கியது, இன்னொரு தரம், அப்புறம் நிற்காமல் துடித்தது. சுவருக்கு அப்பாலிருந்து "வந்துடுச்சுண்ணா!" என்று ஒரு கூச்சல்.

அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

கொஞ்ச நேரத்தில் துளை வழியாக "போன்ழூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் கயலின் குரல் கேட்டது. எட்டாயிரம் கிலோமீட்டரோ என்னவோ தாண்டி ஒரு அம்மாள் அதற்குப் பதில் சொன்னது தகரத்தில் தட்டின மாதிரி வந்தது. நாங்கள் நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். பெரியவர் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். சின்னவருக்கு அந்த பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா கேக்குறாங்க?"

"ஊரப் பத்தி. கடலப் பத்தி."

"சொல்றாளா?"

"நல்லா சொல்றா."

பச்சைப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. ஏற்றியது, இறக்கியது. எலுமிச்சம்பழத்தின் ஒரு பாதியிலிருந்து சாறு மெல்ல வழிந்தது.

"இப்ப?"

"வீட்ல யாரு யாரு இருக்கீங்க, நீ இவ்ளோ தூரம் வந்துட்டா கஷ்டமா இருக்காதான்னு கேக்குறாங்க."

"இவ இன்னா சொன்னா?"

பெரியவர் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல ஏழு பேருன்னு சொல்றா."

சின்னவர் நெற்றியைச் சுருக்கினார். குங்குமம் படிந்த கையை விரித்து, கட்டைவிரலிலிருந்து மடக்க ஆரம்பித்தார். அண்ணன், அண்ணி, கயல். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு தன்னை ஒரு விரல், மனைவியை ஒரு விரல். அடுத்த கைக்குப் போய்ப் பையன்களுக்கு இரண்டு விரல்.

"சரியாத்தான் சொல்லுது பொண்ணு," என்றார்.